பிரீமியம் எகானமியில் வந்த தாய்மாமன்

1

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஆரணிக்காரர். இங்கே, டொராண்டோவுக்கு வெளியே, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். டிசம்பரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறாராம். பிரீமியம் எகானமிக்கு மாறலாமா, அதற்குக் கொடுக்கிற காசு தகுமா என்பது கேள்வி. போன ஆவணியில் நீங்கள் அதில்தானே போனீர்கள், உங்களிடம் எல்லா விவரமும் எழுதியிருக்குமே என்றார்.

எழுதியிருக்கிறது. நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரின் குளோரின் அளவைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக அதையே செய்கிறவன், சொந்த வாழ்க்கையையும் அப்படியே நேரம் போட்டு எழுதி வைக்கப் பழகிவிட்டேன். அந்தப் பயணத்துக்கு மட்டும் பதினோரு பக்கம் இருக்கிறது. அதைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது? பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தால் நமக்கென்ன என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எனக்கும் விமானக்காரனுக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று.

2

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். விமானத்தின் முன்பக்கத்தில் பணக்காரர்கள் படுத்துக்கொண்டு போகிறார்கள். பின்பக்கத்தில் மற்றவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறார்கள். பின்னால் உட்கார வெட்கப்பட்டு, முன்னால் போக வக்கில்லாதவர்களுக்காக நடுவில் நான்கைந்து வரிசையை ஒதுக்கி அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரின் முதல் பாதி உயர்வைச் சொல்கிறது, மறுபாதி சிக்கனத்தைச் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். பணம் கட்டிய பிறகு இரண்டுமே பொய் என்று தெரிகிறது.

என்னென்ன கொடுத்தார்கள் என்று குறித்திருக்கிறேன். காலுக்கு ஏழு அங்குலம் கூடுதல் இடம். பையில் எப்போதும் வைத்திருக்கும் அளவுநாடாவால் நானே அளந்தேன். சூடான ஈரத்துண்டு ஒன்று, கைக்குட்டையில் பாதி அளவு. பிளாஸ்டிக் குவளைக்குப் பதில் கண்ணாடிக் குவளை, உள்ளே அதே ஆரஞ்சுச் சாறு. அதே கோழி, அதே குழைந்த சோறு, ஆனால் பீங்கான் தட்டில். வரிசையில் காத்திருக்காமல் முதலில் ஏறும் உரிமை. அந்த உரிமை உள்ளவர்களின் வரிசைதான் அன்றைக்கு மிக நீளமாக இருந்தது. கடைசியாக ஒரு திரைச்சீலை. நமக்குப் பின்னால் இருப்பவர்கள் நம்மைப் பார்க்காமல் இருக்க அல்ல. பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நமக்கு அடிக்கடி நினைவூட்ட.

என் மனைவி மாலதியின் தோழிகளுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் அந்த ஈரத்துண்டின் படம் வரும். வீடு வாங்கிய படம், பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த படம், அதற்கு அடுத்தபடி ஈரத்துண்டு. ஒரு தலைமுறையே கடல் கடந்து வந்து, இருபது ஆண்டு பனி அள்ளி, கடைசியில் கை துடைக்க ஒரு துணி வாங்கியிருக்கிறது.

எனக்கு முதுகுவலி உண்டு. அதுவும் பனி அள்ளி வந்ததுதான். சாதாரண இருக்கையில் இத்தனை மணி நேரம் உட்கார முடியாது என்று மாலதியிடம் அதைத்தான் காரணமாகச் சொன்னேன். நாட்குறிப்பிலும் அதுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த ஈரத்துண்டின் படத்தை மாலதி காட்டியபோது நானும் பார்த்தேன். நம் குடும்பமும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று தோன்றியது. அதை எழுதி வைக்கவில்லை.

3

என் தங்கை செல்வி என்னைவிடப் பதினொரு வயது இளையவள். கண்ணமங்கலத்துக்கும் அமிர்திக்கும் நடுவில் மலையடிவாரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கணவர் ஏழுமலை சின்ன வேன் வைத்து, மலைமேலிருந்து புளியும் சாமையும் ஏற்றி வந்து கீழே சந்தையில் இறக்குகிறார். கல்யாணமாகி எட்டு ஆண்டு கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ரித்திகா.

அந்தக் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். இடம் ஜவ்வாது மலைமேல் ஏழுமலை வீட்டுக் குலதெய்வக் கோயில். ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ரித்திகாவுக்கு அப்போது மூன்று வயது. ஆவணியில் ஒரு புதன்கிழமை நான்கு பிறக்கிறது. அதற்குள் முடிக்காவிட்டால் ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டும். குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மடி காலியாக இருந்தால் பெற்றவளுக்குப் பிறந்த வீட்டில் கேட்க நாதி இல்லை என்று பொருள். அதைச் சொல்லிக்காட்ட ஏழுமலைக்குப் பங்காளிகள் நிறையப் பேர் உண்டு. எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். செல்விக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது நான்தான்.

எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்த மாமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய மனிதர் இல்லை. குடிப்பவர். அவர் போட்டது தங்கம் என்று சொல்லப்பட்ட ஏதோ ஒன்று. ஒரே வாரத்தில் காது சீழ் பிடித்தது. அம்மா சாகும்வரை அதைச் சொல்லித் திட்டினாள். ஆனால் அவர் முந்தைய நாள் மத்தியானமே சைக்கிளில் வந்து சேர்ந்து, நெல் மூட்டை மேல் படுத்துத் தூங்கினார் என்பதையும் அவளே சொன்னாள்.

வியாழக்கிழமை காலை வந்து சேர்வேன் என்று செல்வியிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை காது குத்து என்று அவள் பத்திரிகை அடித்தாள். என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா என்று போட்டிருந்தாள். நான் இன்னும் பயணச்சீட்டு வாங்கவில்லை. ஒரு நாள் ஆய்வகத்தில் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த வாரத்தில் பிரீமியம் எகானமியில் நான்கு இருக்கை சேர்ந்தாற்போல் இருந்தது ஒரே ஒரு விமானத்தில்தான். அது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சென்னையில் இறங்குகிறது. வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் செல்வியைக் கூப்பிட்டேன்.

“இன்னாண்ணா, பத்திரிக அடிச்சிட்டமே” என்றாள். பிறகு, “ஞாயித்துக்கெழம காலைல எறங்கி அன்னைக்கே மலைக்கா? ஒரு நாளு முன்னாடி வரக்கூடாதா?” என்று கேட்டாள்.

நான் விமான நிறுவனத்தின் விளம்பரத்தில் படித்ததை அவளிடம் அப்படியே ஒப்பித்தேன். இந்த இருக்கையில் வந்தால் அசதியே இருக்காது, இறங்கியதும் நேராக மலைக்கு வந்துவிடலாம் என்றேன்.

“அவ்ளோ நல்ல சீட்டா?”

“ஆமா.”

“செரிண்ணா, மாத்திக்கறேன்.”

பூசாரியிடமும் ஆசாரியிடமும் கேட்டு, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று நேரம் வாங்கினாள். மீதி இருந்த பத்திரிகைகளில் பழைய தேதி மேல் புதிய தேதி எழுதிய துண்டுத் தாளை ஒட்டினாள். ஏற்கெனவே கொடுத்த வீடுகளுக்கு மறுபடி நடந்தாள். மச்சான் சீட்டுக்காக சாமியே ரெண்டு நாளு காத்துக்கினு இருக்குது என்று ஏழுமலை சொன்னாராம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன்.

4

டொராண்டோ விமான நிலையத்தில் விமானத்தை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். மாற்று விமானத்தில் எங்களுக்கு நடுவகுப்பில் மூன்று இருக்கைதான். நான்காவது ஆள் பின்னால். நால்வரில் எந்த மூவர் என்பதை நாங்களே முடிவு செய்யலாம் என்று முகப்பில் இருந்த பெண் பெரிய சலுகை தருவதுபோல் சொன்னாள். வித்தியாசத் தொகையைத் திரும்பப் பெற ஒரு படிவம். படிவத்தில் காரணம் எழுத இரண்டு வரி இடம். நான் இணைப்புத் தாள் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாதாம்.

முறைவைத்து மாறி மாறி உட்காரலாம், ஆளுக்கு மூன்றேகால் மணி நேரம் பின்னால் என்று ஒரு திட்டம் போட்டேன். பறக்கும்போது வகுப்பு மாறி உட்காரக் கூடாதாம். அதற்குள் மகள் யாழினி, “நான் பின்னாடி போறேன்ப்பா, எனக்கு ஓகே” என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளி விட்டு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறவள். பதின்மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஏதாவது பேசுவாள் என்று நினைத்திருந்தேன். அதனால் அது விட்டுக்கொடுத்தது போலவும் இருந்தது, தப்பித்துக்கொண்டது போலவும் இருந்தது.

இனி நண்பருக்குத் தேவையான செய்தி. குடும்பத்தோடு போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவகுப்பு இருக்கைகளுக்கு நடுவில் உள்ள கைப்பிடியைத் தூக்க முடியாது. சாப்பாட்டுப் பலகையை அதற்குள்தான் மடித்து வைத்திருக்கிறார்கள். அது ஒரு கெட்டிப் பெட்டி. என் மகன் கவினுக்குப் பத்து வயது. இத்தனை ஆண்டுகளும் விமானத்தில் அம்மா மடியில் தலையும் என் மடியில் காலும் வைத்துத் தூங்கி வந்தவன். அன்றைக்கு அந்தப் பெட்டி மேல் தலையைச் சாய்த்துப் பார்த்தான். காலை மடக்கிப் பார்த்தான். மணிக்கொரு தடவை எழுந்தான். எட்டாவது மணி நேரத்தில் அந்தக் கண்ணாடிக் குவளைச் சாற்றை மாலதியின் சேலை மேல் வாந்தி எடுத்தான். ஈரத்துண்டு அப்போது பயன்பட்டது.

என் முதுகைப் பொறுத்தவரை, இருக்கை சாய்ந்தது. கூடவே தொடைக்குக் கீழ் ஒரு பலகை எழுந்தது. அந்தப் பலகை என்னைவிட நான்கு அங்குலம் உயரமான ஒருவனுக்காகச் செய்யப்பட்டது. இருமுறை வலி மாத்திரை போட்டேன்.

யாழினியைப் பார்க்கத் திரையை விலக்கிக்கொண்டு போனேன். பின்பகுதி பாதி காலியாக இருந்தது. மூன்று இருக்கைகளின் கைப்பிடிகளையும் தூக்கிவிட்டு, போர்வையை இழுத்து மூடி, தலையணை இரண்டு வைத்து நீட்டிப் படுத்திருந்தாள் என் மகள். முன்னால் கோடீஸ்வரர்கள் படுத்திருந்த மாதிரியேதான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். விமானப் பணிப்பெண் வந்து, என் இருக்கைக்குத் திரும்பிப் போகும்படி மரியாதையாகச் சொன்னாள்.

5

வழியில் மாறி ஏறிய இரண்டாவது விமானத்தில் நடுவகுப்பே கிடையாது. நாங்கள் வாங்கியது முதல் பாதிக்கு மட்டும்தான் என்பது சீட்டில் சின்ன எழுத்தில் இருந்தது. குளோரின் அளவைப் பத்தில் ஒரு பங்குவரை படிக்கிறவன் அதைப் படிக்கவில்லை. நான்கு மணி நேரம் எல்லோரோடும் முழங்கால் இடிக்க வந்தோம். கவின் அம்மா மடியில் படுத்து நன்றாகத் தூங்கினான்.

சென்னையில் இறங்கியபோது காலை ஐந்து பத்து. ஆறேகாலுக்கு வெளியே வந்தால் பத்து மணிக்குக் கோயிலில் இருப்பேன் என்பது என் திட்டம். அரை மணி நேரம் கையில் வைத்திருந்தேன்.

குடியேற்றப் பிரிவில் மாலதிக்கும் யாழினிக்கும் முத்திரை விழுந்தது. கவினின் தாள்களை அதிகாரி இரண்டு முறை புரட்டினார். அவனுக்குப் புதிய பாஸ்போர்ட் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டு இந்தியர் அட்டையில் இருப்பது பழைய பாஸ்போர்ட் எண்.

“பழைய பாஸ்போர்ட் எங்க சார்?”

“பெட்டியில இருக்கு.”

“அத ஏன் சார் பெட்டியில போட்டீங்க?”

நியாயமான கேள்வி. நடுவகுப்புக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி கூடுதல். அதனால் கையில் பாரம் இல்லாமல் போகலாம் என்று, பதினான்கு பிரிவுகளாக அடுக்கி அட்டவணை ஒட்டிய கோப்பு முழுவதையும் பெரிய பெட்டிக்குள் வைத்தேன். ஊருக்குப் போகிறவன் எவனும் செய்யாத காரியம். எங்கள் ஊரில் சந்தைக்குப் போகிற ஆள்கூடக் காகிதத்தை இடுப்பில்தான் சொருகுவான்.

முத்திரை விழுந்த இருவரும் உள்ளே போய்ப் பெட்டி வரும்வரை காத்திருந்து, அதைத் திறந்து கோப்பை எடுத்தார்கள். ஒரு காவலரிடம் யாழினி தன் தமிழில் எடுத்துச் சொல்ல, அவர் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். வாடகைக் காரில் ஏறியபோது மணி ஏழு முப்பத்தைந்து.

6

இனி விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்குச் செல்வி கூப்பிட்டாள். வந்துகொண்டிருக்கிறோம் என்றேன். ஒன்பதரைக்கும் அதையே சொன்னேன். மொட்டை அடித்து முடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது என்றாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. பத்து ஐந்துக்கு மறுபடி கூப்பிட்டாள். நாங்கள் அப்போது வேலூருக்குள் நுழைந்துகொண்டிருந்தோம். அங்கிருந்து கணியம்பாடி, அமிர்தி, பிறகு மலைப்பாதை. எப்படியும் ஒன்றேகால் மணி நேரம்.

“எங்கண்ணா இருக்க? பூசாரி நேரம் ஆவுதுன்றாரு.”

“அடிவாரத்துக்கு வந்துட்டோம். இதோ ஏறறோம்.”

இது நான் சொன்னது. எதற்காகச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெளிவாக எழுத முடியவில்லை. அவளை அந்த நேரத்துக்கு மட்டும் சமாதானப்படுத்த நினைத்தேன் போலிருக்கிறது. அண்ணன் அடிவாரத்துக்கு வந்துவிட்டான், பத்து நிமிடம் பொறுங்கள் என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். பத்தரை தாண்டினால் அன்றைக்கு நல்ல நேரம் இல்லை. புதன்கிழமைக்குள் வேறு நல்ல நாளும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பத்து பதினேழுக்குத் தொலைபேசி மறுபடி அடித்தது. எடுத்து, என்ன சொல்வது என்று யோசித்தேன். பின்னிருக்கையிலிருந்து யாழினி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

“அத்தை, நான் யாழினி. நாங்க இன்னும் வேலூர்ல இருக்கோம். அப்பா சொன்னது நிஜம் இல்ல. நீங்க வெய்ட் பண்ணாதீங்க. பாப்பாவுக்குக் குத்திடுங்க.”

அந்தப் பக்கம் மேளம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“செரி கண்ணு” என்றாள் செல்வி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருவதை எங்கே கற்றாய் என்று கேட்கத் திரும்பினேன். யாழினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தை அங்க எல்லார் முன்னாடியும் நின்னுட்டிருக்காங்கப்பா” என்றாள், திரும்பாமல்.

7

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. புளியமரங்களின் கீழ்ப் பந்தி நடந்துகொண்டிருந்தது. “வாங்க மச்சான், சாப்டுங்க” என்றார் ஏழுமலை. ஒவ்வொரு சொல்லிலும் மரியாதை இருந்தது. அவர் பங்காளிகளும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஏன் தாமதம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோப்பைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தேன்.

குழந்தை சங்கர் மடியில் இருந்தது. சங்கர் எங்கள் பெரியப்பா மகன், செல்விக்கு அண்ணன் முறை. கண்ணமங்கலத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். மூன்று பயணங்களாக ஊருக்கு வந்தும் நான் அவன் கடைப் பக்கம் போனதில்லை, நேரம் ஒதுக்கவில்லை. முந்தைய நாளே கடையைச் சாத்திவிட்டு மலையேறி, தண்ணீர்க் குடம் தூக்கி, பந்தல் கட்டியிருக்கிறான். பத்து இருபத்து நான்குக்குச் செல்வி அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருக்கிறாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான் என்று மாலதியிடம் யாரோ சொன்னார்கள். கழுத்தில் போட்டிருந்த மாலைக்கு மேல் தெரிந்த சட்டையில் பழைய கிரீஸ் கறை இருந்தது.

செல்வி எங்களுக்கு இலை போட்டாள். யாழினியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சோறு வைக்கும்போது, “சீட்டு நல்லா இருந்துதாண்ணா?” என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. குத்திக்காட்டுவது அவளுக்கு வராது. தேதி மாற்றி, தாள் ஒட்டி, வீடு வீடாக நடந்தவள். அதற்குப் பலன் இருந்ததா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

கால் நீட்ட இடம் இருந்தது என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்தேன். மாமன் போட வேண்டிய கம்மல். மாலதியும் நானும் டொராண்டோவில் நான்கு கடை ஏறி வாங்கியது. குழந்தையின் காதுகளில் ஆசாரி தன்னிடம் இருந்த மெல்லிய தங்கக் கம்பியைச் சுற்றிவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் மஞ்சள் தடவிய இடம் வீங்கியிருந்தது. கம்பியை எடுத்துவிட்டு இதைப் போடலாமா என்று கேட்டேன்.

“புண்ணு ஆற ஒரு மாசம் ஆவும்ண்ணா. அதுக்குள்ள நீ போய்டுவ” என்றாள் செல்வி. “சங்கரண்ணன் கிட்ட குடுத்துடு. பக்கத்துலதான இருக்குது, அதுவே வந்து போட்டு வுட்டுடும்.”

நான் பெட்டியோடு சங்கரிடம் போனேன். குழந்தை அழுது ஓய்ந்து அவன் மடியில் தூங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். அது முனகியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான்தான் குனிந்து கொடுத்தேன்.